மரைன் டேங்க் ரெஃப்யூஜியத்தின் தரையில் என்ன போடுவது?

கடல்நீர் மீன்தொட்டியின் (மரைன் டேங்க்) தண்ணீரைச் சுத்தம் செய்யும் துணைத் தொட்டிதான் சம்ப். அதில் ஓர் அறையை ஒதுக்கி, பாசியும் சிற்றுயிர்களும் வளரும் இடமான ரெஃப்யூஜியம் அமைக்கும்போது எல்லோரும் விளக்கையும் பாசியையும் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். தரைக்கு மட்டும் கடையில் இருக்கிற மணல் மூட்டையை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். போட்ட மணலை ஓடுகிற டேங்கிலிருந்து வெளியே எடுப்பது பெரிய வேலை. அதனால் முதலிலேயே சரியாகத் தேர்வு செய்துவிடலாம். சம்ப், அதன் அறைகளைப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடி, தண்ணீரை மெயின் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் மோட்டார் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: எதற்காக ரெஃப்யூஜியம்?

கீட்டோ பாசி வளர்த்து, தண்ணீரில் சேரும் கழிவுகளான நைட்ரேட், பாஸ்பேட்டைக் குறைப்பது மட்டும்தான் நோக்கமா? அப்படியானால் மணலே வேண்டாம். கீட்டோவுக்கு வேர் கிடையாது, சிக்கலாகச் சுருண்டு தண்ணீரிலேயே வளரும். வெறும் கண்ணாடித் தரையில் சிறு சிறு செராமிக் கற்களைப் பரப்பினால் போதும், அந்த இடுக்குகளில் கோப்பிபாட்கள் என்னும் மிகச் சிறிய உயிர்கள் பெருகும். அடியில் சேரும் அழுக்கு கண்ணுக்குத் தெரியும், மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். புதிதாக ஆரம்பிக்கிற யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கடற்புல் வளர்க்க ஆசை என்றால் மணலோ சேறோ கட்டாயம் வேண்டும். மணலுக்குள் வாழும் புழுக்கள், குட்டி இறால் போன்ற ஆம்ஃபிபாட்கள் பெருகவேண்டும் என்றாலும் அப்படித்தான். கௌலெர்ப்பா மணலிலும் பிடிக்கும், கல்லிலும் பிடிக்கும். ஆனால் அது திடீரென்று மொத்தமாக வெளுத்துக் கரைந்து தண்ணீரைக் கெடுத்துவிடக்கூடிய பாசி, அதனால் எனக்கு அதில் விருப்பமில்லை. வளர்த்தால், வெட்டி எடுத்ததைக் குப்பையில்தான் போடவேண்டும். கடலிலோ கழிவுநீர்க் குழாயிலோ விடாதீர்கள். 1984-இல் மொனாக்கோ கடற்கரையில் சிறு திட்டாகக் கண்ட கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா, பிறகு மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பை மூடிவிட்டது.

படி 2: ஆழத்தை முடிவு செய்யுங்கள்

ஒன்று 2 செ.மீ., இல்லாவிட்டால் 10 முதல் 15 செ.மீ. நடுவில் நிற்காதீர்கள். மெல்லிய மணலில் அழுக்கைக் கிளறி எடுத்துவிடலாம். ஆழமான மணலில் மேல்பகுதியில் ஆக்சிஜன் இருக்கும், கீழே போகப் போகத் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத அந்த அடுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. 5, 6 செ.மீ. மணலில் இந்த வேலை முழுமையாக நடக்காது, சுத்தம் செய்யவும் வராது.

வாங்கும் முன் அளவு எடுங்கள். 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள அறையில் 10 செ.மீ. மணல் என்றால் 9 லிட்டர், எடையில் சுமார் 13 கிலோ. தடுப்புக் கண்ணாடியின் உயரத்தையும் பாருங்கள். அது 20 செ.மீ. என்றால், மணலுக்கு மேலே 10 செ.மீ. தண்ணீர்தான் மிஞ்சும். பாசி உருண்டு வளர அது போதாது. அந்த மாதிரி சம்ப்புக்கு ஆழமான மணல் ஒத்துவராது.

படி 3: எந்த மணல்?

கால்சியம் கார்பனேட்டாலான அரகோனைட் மணல், 0.2 முதல் 1 மி.மீ. வரையான பொடி ரகம். என் தேர்வு கேரிப்சீ நிறுவனத்தின் பொடி மணல். "அரகோனைட் போட்டால் பிஎச் தானாக நிற்கும்" என்று விற்பார்கள், நம்பவேண்டாம். டேங்கின் சாதாரண பிஎச் 8.1, 8.3 அளவில் அது கரைவது மிகமிகக் குறைவு. பிஎச் மாறாமல் தாங்கும் திறனான ஆல்கலினிட்டியைத் தனியாக அளந்து கவனிக்கத்தான் வேண்டும்.

பெரிய துண்டுகளாக வரும் கிரஷ்டு கோரல் வேண்டவே வேண்டாம். இடைவெளிகளில் அழுக்கு இறங்கித் தங்கிவிடும். மிரக்கிள் மட் போன்ற சேறு வகைகள் கடற்புல்லுக்கு நல்லவை. ஆனால் விலை அதிகம், அவ்வப்போது ஒரு பகுதியை மாற்றவும் வேண்டும்.

ஆற்று மணல், எம்-சாண்ட் இரண்டும் கூடாது. மூட்டையில் என்ன இருக்கிறது என்று சந்தேகமா? ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் கால்சியம் கார்பனேட். காந்தத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், இரும்புத் துகள் ஒட்டினால் அந்த மணல் வேண்டாம்.

ராமேஸ்வரம், தூத்துக்குடி கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளைப் பொறுக்கிவந்து போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. பாறை அமைக்கும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டாக இருந்தாலும் தொடாதீர்கள். மேலே செராமிக் கல் என்று சொன்னதற்கும் அதுதான் காரணம்.

படி 4: கழுவுதல், நிரப்புதல்

பலருக்கும் சிக்கல் வருவது இங்கேதான், பொறுமையாகச் செய்யுங்கள். உலர்ந்த மணலை இரண்டிரண்டு கிலோவாக வாளியில் எடுத்து, குழாய்த் தண்ணீர் விட்டுக் கையால் அலசி, அரிசி களைவதுபோலக் கலங்கல் தண்ணீரை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள். தண்ணீர் தெளியும்வரை இப்படியே. கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர். பாக்டீரியாவோடு ஈரமாகப் பாக்கெட்டில் வரும் லைவ் மணலையும் சேற்றையும் கழுவக்கூடாது.

அப்புறம் ரிட்டர்ன் மோட்டாரையும், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள். மெயின் டேங்கில் தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் ஓடட்டும். ஹீட்டர் சம்ப்பில் இருந்தால் தண்ணீர் இறங்கி அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள். ரெஃப்யூஜியம் அறையில் தண்ணீரைக் குறைத்து, 2 அங்குல பிவிசி குழாயின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மேல்முனை வழியாகக் கப் கப்பாக மணலை இறக்குங்கள். தண்ணீரின் குறுக்கே மணல் விழாததால் கலங்கல் பெருமளவு குறையும். முடிந்ததும் மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் உப்புத்தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள்.

ஓர் இரவு படியவிடுங்கள். காலையில் ரிட்டர்ன் அறைக்குப் போகும் வழியில் வடிகட்டும் வெள்ளைப் பஞ்சு வைத்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள். பொடி மணல் மோட்டாருக்குள் போனால் இம்பெல்லர் தேய்ந்துவிடும். தண்ணீர் உள்ளே வரும் குழாய் மணலைப் பார்த்து இருக்கக்கூடாது. ஓர் எல்போ போட்டுக் கண்ணாடிச் சுவரைப் பார்க்கத் திருப்புங்கள்.

படி 5: காத்திருங்கள்

நன்றாக ஓடும் டேங்கிலிருந்து ஒரு கப் மணல் கிடைத்தால் மேலே தூவுங்கள், பாக்டீரியாவும் சிறு உயிர்களும் அதோடு வந்துவிடும். ஆழமான மணல் நைட்ரேட்டைக் குறைக்கத் தொடங்க மாதங்கள் ஆகும். வாரம் ஒருமுறை நைட்ரேட்டை அளந்து பாருங்கள். எனக்குச் சாலிஃபர்ட் என்னும் பரிசோதனை கிட்டில் நிறம் பார்ப்பது எளிதாக இருக்கிறது.

பின்சேர்ப்பு: கண்ணாடியோரம் மணலுக்குள் குமிழிகள் தெரிகின்றன, ஆபத்தா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் அது நைட்ரஜன் வாயு, பயப்படவேண்டாம். கறுப்புத் திட்டு தெரிந்தால் கிளறாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீன்களுக்கு விஷம். மணலை அப்படியே விட்டு, அந்த அறைக்கு வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஆக்டிவேட்டட் கார்பன் போட்டுத் தண்ணீர் மாற்றுங்கள். இன்னொருவர் மணலைக் கிளற நட்சத்திர மீன் விடலாமா என்று கேட்டார். விடாதீர்கள், மணலில் வாழும் சிற்றுயிர்களைத் தின்று தீர்த்துவிடும். மேல்மணலை மட்டும் புரட்டும் நாசேரியஸ் நத்தைகள் நாலைந்து போதும்.