கருமருதா, நீர்மருதா? பட்டையும் இலையும் பார்த்துப் பிரிப்பது எப்படி

"மருது" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மருது என்பதுதான் கேள்வி. வைகைக் கரையின் திருமருத முன்துறைக்குப் பெயர் தந்தது ஆற்றோர மருதம், அதாவது நீர்மருது. முதுமலை போன்ற இலையுதிர் காட்டில் மண்டிக் கிடப்பது கருமருது. இலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பட்டையிலிருந்து தொடங்குங்கள். நன்கு பருத்த மரமாகத் தேர்ந்தெடுங்கள். இளமரத்தில் வெடிப்பு ஆழப்பட்டிருக்காது. கருமருதின் பட்டை கருஞ்சாம்பல் நிறம். நெடுக்கிலும் குறுக்கிலும் வெடித்து, முதலை முதுகுபோலக் கட்டம் கட்டமாக இருக்கும். நீர்மருது வெளிறிய சாம்பல், வழவழப்பு. அகலமான தகடுகளாக உரியும், புதிதாக உரிந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

இங்கே பலர் சறுக்குவது காட்டுத்தீயால். அடிமரம் கருகியிருந்தால் எந்த மரமும் கருமருதாகத் தெரியும். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே உள்ள பட்டையைப் பாருங்கள். கத்தியால் கீறிப் பார்க்க வேண்டாம். காப்புக்காட்டில் அது குற்றம், அவசியமும் இல்லை.

அடுத்து இலை. பெரும்பாலும் எதிரெதிராக, நீள்வட்டமாக இருக்கும். துப்பு இருப்பது அடிப்பகுதியில். நீர்மருதில், காம்பு இலையைத் தொடும் இடத்தில் எள்ளளவு சுரப்பிகள் (சிறு புடைப்புகள்) இரண்டு. கருமருதில் சுரப்பி இலையின் பின்பக்கத்தில், நடுநரம்பை ஒட்டி, குட்டைக் காம்போடு துருத்தி நிற்கும். ஒன்றோ இரண்டோ இருக்கலாம். 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் இருந்தால் ஐயமே வராது. பூச்சி உண்டாக்கும் கொப்புளத்தைச் சுரப்பி என்று நினைத்துவிடுவதும் உண்டு. ஒரே கிளையில் 5 இலைகளைத் திருப்பிப் பாருங்கள்: கொப்புளம் கண்ட இடத்தில் இருக்கும், சுரப்பி இடம் மாறாது. சருகை நம்பாதீர்கள், பக்கத்து மரத்துடையதாக இருக்கலாம்.

கோடையில் கருமருது மொட்டையாக நிற்கும்போது காய்தான் கைகொடுக்கும். இரண்டின் காய்க்கும் 5 இறக்கைகள், அதாவது நெடுக்காகத் துருத்தும் தகடுகள். கருமருதின் இறக்கை அகலம். அதிலுள்ள கோடுகள் நேராக விளிம்புக்கு ஓடும். நீர்மருதில் இறக்கை ஒடுக்கம், கோடுகள் மேல்நோக்கி வளையும். ஒரு பெரிய இறக்கையும் இரண்டு சின்ன இறக்கையுமாக இருந்தால் இரண்டுமே இல்லை; அது பூமருது.