வார்த்தைக்குப் பந்தயம்: காசு வழுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் டிரம்ப் ஒரு பெரிய உரைக்கு மேடை ஏறும் முன்பே எது நடக்கும் என்று இணையத்தில் காசு கட்டும் கால்ஷி, பாலிமார்க்கெட் போன்ற கணிப்புச் சந்தைகளில் பட்டியல் வந்துவிடும். 'பைடன்' என்பாரா? 'கிரிப்டோ' என்பாரா? 'சீனா'வை ஐந்து முறையாவது சொல்வாரா? ஒவ்வொன்றும் ஓர் ஒப்பந்தம். சொன்னால் 'ஆம்' வைத்திருப்பவருக்கு 1 டாலர். சொல்லாவிட்டால் 'இல்லை' வைத்திருப்பவருக்கு. அதுவரை விலை பூஜ்யத்துக்கும் 1 டாலருக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும்.

பலர் செய்கிற முதல் தவறு, தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் காசைப் போடுவது. அதன் கீழே பொடி எழுத்தில் விதி இருக்கிறது; தீர்ப்பு அதன்படிதான். பாலிமார்க்கெட் விதியில் வழக்கமாக வரும் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சொல் 'ஜாய்' என்றால் 'ஜாய்ஃபுல்' செல்லாது, ஆனால் 'கில்ஜாய்' செல்லும். முன்னது விகுதி சேர்ந்த சொல், பின்னது இரண்டு சொற்கள் ஒட்டிய கூட்டுச்சொல். பன்மை செல்லும். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஒரு தளத்தின் விதியை மனப்பாடம் செய்துகொண்டு இன்னொரு தளத்தில் இறங்கவும் முடியாது, அங்கே விதி வேறாக இருக்கலாம். (நம் மேடைப் பேச்சுக்கு இப்படி ஒரு சந்தை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். 'வரி' என்பது சொல். 'வரியை' செல்லுமா, 'வரிவிதிப்பு' செல்லுமா, 'வரிசை' என்று ஆரம்பித்தால்? நடுவராக ஒரு தமிழாசிரியரைத்தான் உட்கார வைக்க வேண்டும்.)

யார் சொன்னார் என்பதிலும் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக ஜெரோம் பவல் நடத்திய செய்தியாளர் சந்திப்புகளையே எடுத்துக்கொள்வோம். முதலில் எழுதி வைத்த அறிக்கையை வாசிப்பார், அப்புறம் கேள்வி பதில். நிருபர் 'ரிசெஷன் (பொருளாதார மந்தநிலை) வருமா?' என்று கேட்கிறார். பவல் அந்தச் சொல்லைத் தொடாமல் 'அதற்கான வாய்ப்பு' என்று சுற்றிவளைத்துப் பதில் சொல்கிறார். அரங்கில் எல்லார் காதிலும் 'ரிசெஷன்' விழுந்தது, ஆனால் அவர் வாயிலிருந்து வரவில்லை. 'ஆம்' வைத்தவர் காசு போச்சு.

இதற்கெல்லாம் பழைய சந்திப்புகளின் எழுத்துப்படியைப் படித்தால் போதும். மத்திய வங்கியின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தொடக்க அறிக்கையில் பல வாக்கியங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் அப்படியே திரும்ப வருவதையும் பார்க்கலாம். எண்ணிப் பார்க்காமல் 'இந்த வாரம் செய்தியில் அடிபடுகிறது, அதனால் சொல்வார்' என்று போடுவது வெறும் ஊகம். எண்ணினாலும் முழு நம்பிக்கை வேண்டாம். 2021இல் விலைவாசி உயர்வை 'டிரான்சிட்டரி' (தற்காலிகமானது) என்று சொல்லிவந்த பவல், அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று செனட்டில் அந்தச் சொல்லுக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்றார். 2025 மார்ச்சில், இறக்குமதி வரியைப் பற்றிப் பேசும்போது அதே சொல் திரும்பி வந்தது.

அடுத்தது 95 சென்ட் ஆசை. 'எப்படியும் சொல்ல மாட்டார், சும்மா 5 சென்ட் கிடைக்கும்' என்று 'இல்லை'யை 95 சென்ட்டுக்கு வாங்குவது. ஒரு முறை தோற்றால் போகும் 95 சென்ட்டை மீட்க 19 முறை ஜெயிக்க வேண்டும். கட்டணம் இருந்தால் அதற்கும் மேல். 'சொல்ல மாட்டார்' என்பதும் அவ்வளவு உறுதியில்லை. 2025 அக்டோபரில், கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான காயின்பேஸ் நிறுவனத்தின் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங், முதலீட்டாளர் அழைப்பின் கடைசியில், அந்த அழைப்பில் என்னென்ன சொல் வரும் என்று நடந்த சந்தையைத் தான் கவனித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டு, பிட்காயின், எத்தீரியம், பிளாக்செயின், ஸ்டேக்கிங், வெப்3 என்று வரிசையாக ஒப்பித்துவிட்டார். அவர் அரசியல்வாதி இல்லைதான். ஆனால் பேசுகிறவரே விலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அரசியல் உரைகளில் இன்னொரு சங்கடமும் உண்டு: பேச்சை எழுதியவர், திருத்தியவர், பேச்சைத் திரையில் காட்டும் டெலிப்ராம்ப்டரில் ஏற்றியவர் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் பலர். நள்ளிரவில் ஒரு சொல்லின் விலை காரணமில்லாமல் ஏறினால் அதன் பின்னால் ஓடாதீர்கள். நேரலையைப் பார்த்து வாங்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், யூடியூப் சில விநாடிகள் பின்னால்தான் ஓடும்.

தீர்ப்பில் தகராறும் வரும். 2025இல் பாலிமார்க்கெட்டில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி ஜூலை பிறக்கும் முன் சூட் போடுவாரா என்று ஒரு பந்தயம். நேட்டோ மாநாட்டுக்கு அவர் போட்டு வந்ததைப் பல ஊடகங்கள் சூட் என்றே எழுதின. தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லும் யுஎம்ஏ என்ற கிரிப்டோ டோக்கனை வைத்திருப்பவர்கள் வாக்களித்து 'இல்லை' என்று முடித்தார்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ஆம்-இல்லை பந்தயத்தில் இங்கே பெரிய பெயராக இருந்த ப்ரோபோவும் அதோடு காசு ஆட்டத்தை நிறுத்தியது. சிங்கப்பூரிலும் பாலிமார்க்கெட்டுக்குப் பூட்டு. எந்த நாட்டிலிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் போட்டு நுழைந்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பணம் உள்ளே மாட்டிக்கொண்டால் எந்த ஊர் போலீஸிடம் போய் என்னவென்று சொல்வார்கள்?