மயக்கத்தை வலிப்பு என்று எழுதும் முன்

காரைக்குடியில் என் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த டாக்டர் தம்பி, ஓடும்போது சுருண்டு விழுந்த பையனின் சீட்டில் 'வலிப்பு' என்று எழுதி அனுப்பிவிட்டார். ஈசிஜி இல்லை. இருபது வருஷத்துக்கு முன் நானும் அதையேதான் எழுதினேன். ஈசிஜி ஒயரை (லீடை) மாற்றி ஒட்டுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன், அவை தானாகத் திருந்தும்.

வெட்டி இழுத்ததெல்லாம் வலிப்பு அல்ல

பதினான்கு வயதுப் பெண். கண்மாயில் நீந்தும்போது மூழ்கினாள். கரையில் தூக்கிப் போட்டபோது கை கால் வெட்டியது என்றார்கள். நான் வலிப்பு மாத்திரை கொடுத்தேன். மாத்திரை தின்றுகொண்டிருக்கும்போதே பள்ளி ஓட்டப்பந்தயத்தில் மறுபடி விழுந்தாள். அப்புறம்தான் ஈசிஜி. கியூடி, அதாவது ஒரு துடிப்பில் இதயத்தின் கீழறைகள் சுருங்கி மறுபடி தயாராக எடுக்கும் நேரம், ஈசிஜி தாளில் 13 சின்னக் கட்டம். கட்டத்துக்கு 40 மில்லிசெகண்டு, ஆக 520. துடிப்பு நிமிஷத்துக்கு 60 என்பதால், துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்தும் கணக்கும் தேவையில்லை. 500-ஐத் தாண்டினாலே துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து அதிகம்.

துடிப்பு தாறுமாறாகி மூளைக்கு ரத்தம் சில வினாடி நின்றாலும் கை கால் வெட்டும். ஆனால் வலிப்பு வந்தவர் வெகுநேரம் குழம்பிக் கிடப்பார், துடிப்பு தவறி விழுந்தவர்கள் பெரும்பாலும் சட்டென்று தெளிந்துவிடுவார்கள். ஓடும்போது, நீந்தும்போது, திடீர்ச் சத்தத்தில் விழுந்தார்களா என்று பாருங்கள்.

இன்னும் எரிச்சல் தீராதது என் கேள்வியின் மேல். "வீட்டில் யாருக்காவது ஹார்ட் பிரச்சினை உண்டா?" என்றேன், இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை அப்பத்தா தானாகச் சொன்னார்: "இவ சித்தப்பன் நல்லா நீச்சத் தெரிஞ்சவன் தம்பி, அதே கண்மாயில போயிட்டான். முனி அடிச்சிருச்சுன்னாக."

அதை யார் ஹார்ட் கணக்கில் சேர்ப்பார்கள்? சின்ன வயதில் திடீரென்று, தூக்கத்தில், நீச்சல் தெரிந்தும் மூழ்கி யாராவது போனார்களா என்று கேளுங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் கட்டிய வீட்டில், பிறவியிலேயே காது கேட்காத குழந்தை மயங்கி விழுந்தால் ஈசிஜி பார்க்காமல் அனுப்பவே கூடாது.

மெஷின் அச்சடித்த கியூடி

நம்பாதீர்கள். ஸ்கேலை எடுங்கள்.

வாந்தி பேதி

அதில் பொட்டாசியம் இறங்கியவருக்கு வாந்தி மருந்து ஒண்டான்செட்ரானும் ஆன்டிபயாடிக் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தால் கியூடி இன்னும் நீளும். கை பழக்கத்தில் எழுதாதீர்கள்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்

ஸ்டென்ட் வைத்ததோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். மாத்திரையோடு மூன்று மாதம் போன பிறகும் எக்கோவில் இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதத்தைத் தாண்டவில்லையா? ஐசிடி (துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்பில் பொருத்தும் கருவி) வேண்டுமா என்று கேட்டு மதுரைக்கு அனுப்புங்கள்.

ஓடி விழுந்த பையனை அன்று சாயங்காலமே திரும்ப வரச் சொன்னோம். வீட்டுப் பெரியவர் ஒருத்தரையும் கூட்டிவரச் சொல்லியனுப்பினேன்.