இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுத்து அமெரிக்காவுக்கு அழைத்து வருவது எப்படி

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எங்கள் மகள் புனேயில் உள்ள ஒரு காப்பகத்திலிருந்து, ஒரு வயதும் நான்கு மாதங்களும் ஆனபோது, 2024 செப்டம்பரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். 2020 ஆகஸ்டில் பதிவு செய்திருந்தோம். அவள் படம் மின்னஞ்சலில் வந்தது 2024 பிப்ரவரியில். இங்கே நான் எழுத விரும்புவது மூன்றரை ஆண்டுக் காத்திருப்பைப் பற்றி அன்று. படம் வந்த நாளிலிருந்து தொடங்கிய அந்த ஓராண்டைப் பற்றி. காகிதங்களுக்கு வழிகாட்டத் தத்தெடுப்பு முகமை இருக்கிறது, விதிமுறை இருக்கிறது. ஆனால், நம் கைக்கு வருகிற குழந்தை ஏற்கெனவே ஓர் இடத்தை, ஒரு மொழியை, சில முகங்களை இழந்துவிட்டு வருகிறது என்பதை மனத்தில் வைத்து ஒவ்வொரு வேலையையும் திட்டமிடும்படி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

தொடங்கும் முன் தகுதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை முறைப்படுத்தும் 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைக்குள் இருக்கும் நாடுகள். இந்தியா 2003-லும் அமெரிக்கா 2008-லும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதனால் அமெரிக்காவில் வாழும் தம்பதியரில் ஒருவரேனும் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால்தான் தத்தெடுக்கத் தகுதி உண்டு என்று அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் ஒப்புதல் கேட்கும் ஐ-800ஏ என்னும் விண்ணப்பத்தின் வழியே செல்ல முடியும். இந்திய விதிகளின்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தம்பதியரின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. குழந்தைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் இடையே குறைந்தது 25 ஆண்டு வித்தியாசம் வேண்டும். திருமணமாகி நிலையான இல்லறத்தில் இரண்டு ஆண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும். சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தைகளையும் சற்று வளர்ந்த குழந்தைகளையும் ஏற்க மனம் உள்ளவர்களுக்குக் காத்திருப்பு மிகவும் குறையும்.

நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்குத் தெரிந்தது சுவீகாரம். பங்காளி வீட்டுப் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ மடியில் வாங்கி, பத்திரம் பதிந்து, தம் பிள்ளையாக வளர்ப்பது. 'ஊரிலேயே ஒரு குழந்தையைச் சுவீகாரம் எடுத்துப் பத்திரத்தோடு அழைத்துப் போக வேண்டியதுதானே' என்று என் மாமியாரே கேட்டார். அமெரிக்காவில் வாழும் அமெரிக்கக் குடிமகன் இந்தியாவில் வாழும் குழந்தையைத் தத்தெடுத்தால், அது உறவினர் குழந்தையாகவே இருந்தாலும், ஹேக் வழிமுறையையே பின்பற்ற வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் பதிந்த பத்திரத்தை மட்டும் காட்டி விசா வாங்க முடியாது. முதலில் பத்திரம், பிறகு விசா என்று இறங்கிய குடும்பங்கள் குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வரிசை பிசகக் கூடாது என்பதே இதில் தலையாய விதி. அங்கீகாரம் பெற்ற முகமை உங்கள் வீட்டுக்கு வந்து இல்ல ஆய்வு அறிக்கை தயாரிக்கும். அதைக் கொண்டு ஐ-800ஏ ஒப்புதல் பெற வேண்டும். முகமை உங்கள் கோப்பை மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான காராவின் கேரிங்ஸ் இணையத்தளத்தில் பதிவேற்றும். குழந்தையின் பரிந்துரை, அதாவது படமும் விவரமும், வந்ததும் வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு 96 மணி நேரம் அவகாசம். அதற்குள் அந்தக் குழந்தையை உங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும், அதன்பின் மருத்துவ அறிக்கையையும் குழந்தை ஆய்வு அறிக்கையையும் படித்து 30 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். பிறகு அந்தக் குழந்தைக்கென்று தரும் ஐ-800 விண்ணப்பம், அதன் தற்காலிக ஒப்புதல், ஹேக் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவுப்படி அமெரிக்கத் தூதரகம் தரும் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று, அதற்கும் பிறகுதான் தத்தெடுப்பு ஆணை. ஐந்தாம் பிரிவுக் கடிதம் கைக்கு வராமல் இந்தியாவில் ஆணை பெற்றுவிட்டால் அமெரிக்கப் பக்கத்தில் விசா பெரும் சிக்கலாகிவிடும். 2022 செப்டம்பர் முதல் அந்த ஆணையை நீதிமன்றம் அன்று, மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

ஐ-800ஏ ஒப்புதலும் கைரேகைப் பதிவும் 15 மாதங்களுக்கே செல்லும் என்பதைக் காத்திருக்கும் காலத்தில் மறந்துவிடுவது எளிது. இல்ல ஆய்வு அறிக்கை, காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றின் காலாவதி நாட்களை ஒரே தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு மாதங்கள் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குவது நல்லது.

பரிந்துரை வந்த அந்த 96 மணி நேரத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். அந்த நேரத்தில் மருத்துவரைப் பிடிக்க வேண்டும். பல குழந்தைகள் மருத்துவமனைகளில் அயல்நாட்டுத் தத்தெடுப்புக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அவர்களிடம் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தால் ஓரிரு நாட்களில் அறிக்கையைப் படித்துச் சொல்வார்கள். பிறந்தபோது இருந்த எடை, மாதந்தோறும் எடையும் உயரமும் தலைச் சுற்றளவும் ஏறிய விதம், மஞ்சள் காமாலை பி வகை, எச்.ஐ.வி., தைராய்டு ஆகிய பரிசோதனைகளின் முடிவுகள், எந்த வயதில் தலை நின்றது, எப்போது குப்புற விழுந்தது என்பவற்றைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் மகள் குறைந்த எடையில் பிறந்தவள். ஒற்றை எண்ணை விட வளர்ச்சிக் கோடு எப்படிச் செல்கிறது என்பதுதான் முக்கியம் என்று மருத்துவர் விளக்கியபோது எங்கள் கலக்கம் பாதி குறைந்தது.

கையெழுத்திட்டதற்கும் அவளைக் கையில் வாங்கியதற்கும் இடையே ஐந்து மாதங்கள் இருந்தன. இந்தக் காலத்தை வீணாக்காதீர்கள். முகமையின் அனுமதியோடு, நான், கணவர், மகன் என எங்கள் மூவரின் முகமும் பெரிதாகத் தெரியும் பத்துப் பக்கத் துணி ஆல்பம் ஒன்றையும், நாங்கள் நான்கு இரவுகள் போர்த்திப் படுத்த ஒரு பருத்தி விரிப்பையும் காப்பகத்துக்கு அனுப்பினோம். அவள் தொட்டிலில் அதைப் போடுமாறும், துவைக்காமல் எங்களிடமே திருப்பித் தருமாறும் கேட்டுக்கொண்டோம். மறுபுறம், நான் மராத்தியில் இருபது சொற்கள் கற்றேன். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை மாவ்ஷி, அதாவது சித்தி, என்று அழைப்பார்கள். 'யே பாளா' என்றால் 'வா கண்ணே'. 'பாணி' தண்ணீர், 'ஜோப்' உறக்கம். ஒரு வயதுக் குழந்தை பேசாவிட்டாலும் கேட்டுப் பழகிய சொல்லுக்குத் தலையைத் திருப்பும். புதியவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதற்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பின்னர் கண்ணால் கண்டேன்.

தடையில்லாச் சான்று கிடைத்ததும், ஆணைக்குக் காத்திருக்காமலே, இந்தியாவுக்குள் குழந்தையைத் தத்தெடுப்புக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. விடுப்பு கிடைக்கும் என்றால் இதைத் தவறவிடாதீர்கள். ஜூலை இறுதியில் புனேயில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய வீட்டுக்கு அவளை அழைத்து வந்தோம். முதல் இரவு அவள் அழவில்லை. கண்களை அகலத் திறந்தபடி, தன் சட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நிமிண்டிக்கொண்டே, கூரையைப் பார்த்துக் கிடந்தாள். அழாத குழந்தையைச் சமத்து என்று எண்ணிவிடக் கூடாது. அது அடங்கிப்போன துயரமாக இருக்கலாம். விரிப்பைப் பையிலிருந்து எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டு அவளைச் சாய்த்தேன். பினாயிலும் தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த காப்பகத்தின் வாசம் அதில் அப்படியே இருந்தது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விடியும் நேரத்தில்தான் தூங்கினாள்.

உணவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கடையில் வாங்கிய பழக்கூழை அவள் தொடவே இல்லை. மாவ்ஷியிடம் கேட்டபோது, அவர்கள் தருவது வரண் பாத், நெய் விட்டுக் குழைத்த துவரம்பருப்புச் சோறு என்றார். நம் வீட்டுப் பருப்புச் சாதம்தான், பெருங்காயத்தின் அளவில் மட்டும் சிறு வித்தியாசம்! எந்த நேரத்தில், எந்தக் கிண்ணத்தில், எவ்வளவு குழைவாக, உட்கார வைத்தா மடியில் சாய்த்தா என்பதையெல்லாம் விடைபெறும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காப்பகத்தின் வாசல், அவள் தொட்டில், அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் ஆகியவற்றை அனுமதி பெற்றுப் படமெடுத்து வையுங்கள். அங்கே அவளுக்கு வைத்த பெயரை நாங்கள் நடுப்பெயராக வைத்துக்கொண்டோம். பிற்காலத்தில் தன் வேரைத் தேட விரும்பினால் 18 வயதுக்குப் பின் அவளே விண்ணப்பிக்கலாம். அன்றைக்கு அவள் கையில் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

இனி எங்களைப் படாதபாடு படுத்திய ஒரு விஷயம். தமிழர்களான நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. என் கணவரின் பள்ளிச் சான்றில் இனிஷியலோடு ஒரு பெயர், அமெரிக்கக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, திருமணச் சான்றில் மூன்றாவது வடிவம். ஆணையில் பெயர் சரியாகவே இருந்தது. ஆனால் ஓர் அலுவலகத்தில் குழந்தையின் பிறப்புச் சான்றைப் பதிந்தபோது என் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது. பிறப்புச் சான்று திருந்தாமல் கடவுச்சீட்டு இல்லை, கடவுச்சீட்டு இல்லாமல் விசா இல்லை. மூன்று வாரங்கள் போயின. ஆகையால், இல்ல ஆய்வு தொடங்கும்போதே அனைத்து ஆவணங்களிலும் உள்ள பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தயாராக வையுங்கள். எந்தச் சான்றையும் வாங்கிய இடத்திலேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

ஆணைக்குப் பின், தத்தெடுப்பு ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று காரா தரும் இணக்கச் சான்று, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரின் பரிசோதனை, புது தில்லியில், ஹேக் வழிமுறையில் தத்தெடுப்பு முடிந்த குழந்தைக்கான ஐ.எச்-3 விசா என்று மிச்ச வேலைகள் விரைவாகவே முடிந்தன. அந்த விசாவில் அமெரிக்க மண்ணில் நுழையும் குழந்தை அப்போதே குடியுரிமை பெற்றுவிடுகிறது. சான்றிதழ் தபாலில் வரும். பிறகு இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்து வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

செலவில், இந்தியக் காப்பகத்துக்குச் சேர வேண்டிய கட்டணம் 5,000 டாலர். அதற்கு மேல் நன்கொடை என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, கேட்பதே விதிக்குப் புறம்பு. அமெரிக்க முகமையின் கட்டணம்தான் பெரும்பகுதி. வருமான வரம்புக்கு உட்பட்டுக் கூட்டாட்சி வரிச்சலுகை உண்டு: 2024-ல் முடிந்த தத்தெடுப்புக்கு 16,810 டாலர் வரை, 2025-க்கு 17,280 டாலர் வரை. எல்லா ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் சில வாரங்களுக்கு, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது ஆகிய மூன்றையும் பெற்றோர் இருவர் மட்டுமே செய்ய வேண்டும். குழந்தை இடுப்பு விட்டு இடுப்பு மாறி வளரும் நம் வீடுகளில் இதைச் சொல்வது கடினம். என் மாமியாரிடம், 'அத்தை, இவளுக்கு இதுவரை எத்தனையோ கைகள் மாறிவிட்டன, கொஞ்ச நாள் எங்கள் கை மட்டும் இருக்கட்டும்' என்று சொன்னேன். அவர் முகம் வாடியது. ஆனால் மறுநாள் முதல் சமையலை முழுக்கத் தாமே எடுத்துக்கொண்டு எங்களை அவளோடு விட்டுவிட்டார். ஏழு வயது மகனுக்கும் ஒரு பொறுப்பைத் தந்தோம்: ஆல்பத்தைத் தினமும் அவளுக்குப் புரட்டிக் காட்டுவது அவன் வேலை. வந்த இரண்டு வாரத்துக்குள் இரத்தம், மலம், ஈயம், காசநோய்ப் பரிசோதனைகளையும் தடுப்பூசிக் கணக்கையும் மருத்துவர் மறுபடி பார்த்துவிட வேண்டும்.

'யார் பெற்ற பிள்ளையோ, ஏன் விட்டுவிட்டுப் போனார்களாம்' என்று கேட்பவர்கள் கண்டிப்பாக வருவார்கள். அந்தக் கதை அவளுடையது, அவள் வளர்ந்து விரும்பினால் சொல்வாள் என்ற ஒரே பதிலைக் குடும்பத்தில் எல்லோரும் சொல்லும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆணை வரும்வரை படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கூடப் போடக் கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது.

குழந்தை எப்படி இருக்கிறது என்று இரண்டு ஆண்டுகளுக்குத் தொடர் அறிக்கை அனுப்ப வேண்டும்: முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாமாண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று. இதைச் சுமையாக நினைக்காமல், சமூகப் பணியாளர் வரும் நாளில் குழந்தையின் சொற்களையும் புதுப் பழக்கங்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறிக்கையின்போது எங்கள் நோட்டில் ஐந்து சொற்கள் இருந்தன: அம்மா, அண்ணா, மம்மம், பாணி, யே. இரண்டாவது அறிக்கைக்குள் பதினேழு. 'தண்ணி' வந்துவிட்டது. இருந்தும் நள்ளிரவில் விழித்துக்கொண்டால் இன்னும் 'பாணி' என்றுதான் கேட்கிறாள். நாங்களும் 'இதோ பாணி' என்றே கொடுக்கிறோம்.