முகூர்த்த நாள் பார்த்து வரலாறு: ஊர் வரலாற்றுக் குழுவுக்கு வருட நிகழ்ச்சி போடும் விதம்

எங்கள் வரலாற்றுக் குழுவின் முதல் வருடம் மே மாதத்தில், சித்தன்னவாசல் மலையில் சமணத் துறவிகள் தங்கிய குகையான ஏழடிப்பட்டத்துக்கு இருபத்தைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். பகல் பதினொரு மணி. பாறை காலைச் சுட்டது, பிடித்துக்கொள்ளும் கம்பி கையைச் சுட்டது. உள்ளே 17 கற்படுக்கைகள், அதில் ஒன்றில் தமிழ்ப் பிராமி, அதாவது மிகப் பழைய தமிழ் எழுத்து. பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை, வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

தப்பு என்னுடையது. பேச்சாளர், இடம் எல்லாம் முடிவு செய்துவிட்டு மாதத்தைக் கடைசியில் எழுதினேன். புதுக்கோட்டை மாதிரி ஊரில் மாதத்தைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஒரு தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த ஞாயிறுகளைச் சிவப்பில் சுழியுங்கள். ஆவணி, தை, வைகாசியில் பாதி ஞாயிறு போய்விடும். சுழித்த நாளில் வெளியூர்ப் பயணம் வைத்தால், "சார், மச்சினன் வீட்டுக் கல்யாணம்" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு வரிசையாகப் போன் வரும். அமாவாசை, பிரதோஷத்தையும் சுழியுங்கள். அன்றைக்குக் குருக்களுக்கு நம்மோடு நின்று பேச நேரம் இருக்காது. மிச்சம் இருப்பதுதான் உங்கள் வருடம்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, வேன் மலிவாகக் கிடைக்கும். தூரப் பயணத்தை அங்கே வையுங்கள். நாங்கள் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போவோம். இப்போது நிற்பது இரண்டு கோயில்தான், மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. "மூவர்னு சொல்லிட்டு ரெண்டைக் காட்டுறீங்களே" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பூதி விக்கிரமகேசரி என்ற சிற்றரசன் தனக்கொன்று, தன் தேவியர் இருவருக்கும் ஒவ்வொன்று என்று கட்டிய கதையை அப்போது சொன்னால் போதும், முன்னாடியே சொல்லிக் கெடுக்காதீர்கள்.

மார்கழியில் வெயில் இதமாக இருக்கும், கல்யாணமும் இல்லை. ஆனால் வேன் எல்லாம் சபரிமலைக்குப் போயிருக்கும். அதனால் அந்த மாதம் டவுன் பஸ்ஸில் போகிற இடம்தான். பாறையைக் குடைந்து செய்த திருக்கோகர்ணம் குடைவரைக் கோயிலுக்கு அதிகாலையில் போய், இருட்டு விலகும்போது வெளியே வந்து பொங்கல் சாப்பிட்டால் எட்டரைக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். பெண்கள் அதிகம் வருவது இந்த ஒரு நிகழ்ச்சிக்குத்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பேச்சும் அருங்காட்சியகமும். திருக்கோகர்ணத்தில் இருக்கிற அருங்காட்சியகம் சமஸ்தான காலத்தில், 1910-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கும் பயணத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் பேச்சு, நான்காம் ஞாயிறு அதே இடத்துக்குப் பயணம். பேச்சாளர் வரலாற்றுப் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாறையில் சுரங்களை வெட்டிவைத்திருக்கிற குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்கு நாங்கள் கூப்பிட்டது ஒரு வீணை டீச்சரை. 38 வரி, கிரந்த எழுத்து, ஏழு பகுதி, உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் மாணவர்களுக்காகச் செய்தது. இதையெல்லாம் நான் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். அந்த அம்மா முதல் வரியில் இருந்த சுரக் கூட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். இரண்டு வாரம் கழித்துப் பாறை முன்னால் நின்றபோது யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, ஆளுக்கு ஆள் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே பெரிய கோயிலைக் கடந்துதான் போக வேண்டும், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். ஏழரைக்குள் போய்ச் சேருங்கள்.

புரட்டாசிக்கு அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். "வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று அழைப்பு அட்டையில் ஒரு வரி போட்டேன். ஓர் அப்பத்தா வெற்றிலைப் பெட்டியிலிருந்து நாலு காசு எடுத்து மேஜையில் வைத்தார். பேச்சாளர் கொண்டுவந்த ஸ்லைடை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

சாவி விஷயம். தபால் நிலையத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான், எந்த ஊரில் யாரைக் கேட்டால் ஆள் கிடைப்பார் என்று ஓரளவு தெரியும். இருந்தும் ஒரு பூட்டிய கதவின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். மத்தியத் தொல்லியல் துறை பார்க்கும் இடம், மாநிலத் தொல்லியல் துறை இடம், அறநிலையத் துறைக் கோயில் என மூன்றுக்கும் கேட்க வேண்டிய ஆள் வேறு வேறு. எது யாருடையது என்று அட்டவணையிலேயே பக்கத்தில் எழுதிவிடுங்கள். மூன்று நாள் முன்னால் ஒரு போன், முதல் நாள் சாயங்காலம் இன்னொரு போன்.

பையில் ஒரு டார்ச் கட்டாயம். அதை எழுத்துக்கு நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, வெறும் கல்லாக இருந்தது வரியாக எழும்பி வரும். சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய், மாவு பூசுவது எல்லாம் வேண்டாம், யார் சொன்னாலும். சித்தன்னவாசல் ஓவியத்துக்கு ஃப்ளாஷ் அடிக்க விடாதீர்கள்.

கல்வெட்டைத் தாளில் படியெடுக்கிற பயிற்சி வருடத்தில் ஒரு தடவை வையுங்கள். நினைவுச்சின்னத்தில் அனுமதியில்லாமல் செய்யக்கூடாது, யாராவது ஒருவர் வீட்டு கிரானைட் பெயர்ப் பலகை போதும். கல்லைக் கழுவி, மேப்லித்தோ தாளை நனைத்து ஒட்டி, பிரஷ்ஷால் எழுத்துக்குள் தாள் இறங்கும்வரை தட்ட வேண்டும். அரை ஈரத்தில் மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளை எழுத்தாக வரும். நாங்கள் இதை ஆடியில் வைத்தோம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நனைந்த தாள் நிற்குமா? பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி மேல் போய் ஒட்டிக்கொண்டது. மாசியில் வையுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வேன் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று முன்பணமாக வாங்கிவிடுங்கள். பணம் கட்டியவர் வருவார், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர் வரமாட்டார். பேச்சு நாற்பது நிமிடம், அப்புறம் சுண்டல். சுண்டல் வாசம் முன்னாடியே வந்துவிட்டால் கடைசிப் பத்து நிமிடம் யாரும் கேட்கமாட்டார்கள், பாத்திரத்தை வெளியே வையுங்கள்.

சித்திரை, வைகாசியில் பயணமே கிடையாது. மொட்டை மாடியில் ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம், கணக்கு வாசிப்பு, அடுத்த வருடக் காலண்டர். போன தடவை நோட்டில் நான் முதலில் எழுதிய வரி இது: "ஏழடிப்பட்டம். தை, முகூர்த்தமில்லாத ஞாயிறு. அடிவாரத்தில் காலை ஆறரை. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், செருப்பு கட்டாயம்."