நிறம் வேறு, இனம் ஒன்று: சிலந்திகளைப் பிரித்தறியும் முறை

எனோப்ளோக்னாதா ஓவாட்டா என்ற சிலந்தியின் ஒரே முட்டைப்பையிலிருந்து வரும் குஞ்சுகள் வளர்ந்தபின் மூன்று விதமாக இருக்கலாம். சில வெறும் வெளிர்மஞ்சள், சிலவற்றின் முதுகில் இரு சிவப்புக் கோடுகள், இன்னும் சிலவற்றில் முதுகு முழுக்கச் சிவப்புப் பட்டை. நிறத்தை நம்பினால் உடன்பிறப்புகளுக்கே மூன்று பெயர் வைத்துவிடுவோம்.

1. முதிர்ந்ததா என்று பாருங்கள். வாயருகே குட்டைக் கால்கள் போலிருக்கும் இரண்டும் பெடிபால்ப்கள். முதிர்ந்த ஆணுக்கு அவற்றின் நுனியில் கருமையான, கெட்டியான கொக்கிகளும் தகடுகளும் தெரியும். நுனி உப்பியிருந்தும் மொட்டுப்போல் வழவழவென்றிருந்தால் கடைசிச் சட்டையை அது இன்னும் உரிக்கவில்லை. பெண்ணுக்கு வயிற்றின் அடியில், முன்பக்கமாக, எபிஜைன் என்ற கெட்டித் தகடு இருக்கும் (சில குடும்பங்களில் இது கிடையாது). குஞ்சு என்றால் பெரும்பாலும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

2. எதை அளப்பது? உடல் நீளத்தை அல்ல. தீனியும் முட்டையும் சேர்ந்தால் வயிறு உப்பிவிடும். தலைமார்பின் அகலம் அப்படி மாறாது. கால் நீளத்தை அதனோடு ஒப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் குட்டையாக இருந்தால், அது இழந்தபின் மீண்டும் முளைத்த காலாக இருக்கலாம்.

3. இனப்பெருக்க உறுப்பை, அதாவது ஆணின் பெடிபால்ப் நுனியை அல்லது பெண்ணின் எபிஜைனை, ஒப்பிடுங்கள். பெரும்பாலான குழுக்களில் தீர்ப்பு சொல்வது இதுதான். நிறத்தை முதலில் படம் எடுத்துவிடுங்கள், ஆல்கஹாலில் அது வெளுத்துவிடும். பிறகு 70–80% ஆல்கஹால் ஊற்றிய சிறு தட்டில் மெல்லிய வெண்மணலைப் பரப்பி, சிலந்தியை அதில் புதைத்து நிறுத்தி, ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பெடிபால்ப் சற்றே சாய்ந்தாலும் கொக்கியின் வளைவு வேறாகத் தெரியும், புது இனம் கிடைத்துவிட்டதென்று தோன்றும். ஒவ்வொன்றையும் அதே கோணத்தில், வெளிப்பக்கமிருந்தும் அடியிலிருந்தும் பாருங்கள். உறுப்பு உப்பி விரிந்திருந்தால் அதைச் சுருங்கியதோடு ஒப்பிடாதீர்கள். ஆர்ஜியோப் என்ற பேரினத்துப் பெண் சிலந்திகளின் எபிஜைனில் ஆணின் உறுப்பு நுனி ஒடிந்து சிக்கியிருப்பதுண்டு. அதுவும் இன அடையாளமல்ல.

4. ஒன்றிரண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆணும் பெண்ணுமாக, தலா பத்தாவது இருந்தால் நல்லது. அளவுகளை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறியுங்கள். புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ந்தால் ஒரே இனத்தின் வேறுபாடாகவே கொள்ளுங்கள். ஒரே இடத்தில் வாழும் சிலந்திகள் இடைவெளிவிட்டு இரு கூட்டமாகப் பிரிந்து, உறுப்பின் வடிவமும் அதே கூட்டங்களோடு ஒத்துப்போனால் இரண்டு இனம் என்பதற்கு அது வலுவான சான்று. தொலைதூர இடங்கள் என்றால் நடுவிலுள்ள பகுதிகளிலிருந்தும் மாதிரி வேண்டும்.

5. சந்தேகம் தீராவிட்டால் டிஎன்ஏ. ஒரு காலை மட்டும் 95% ஆல்கஹாலில் குளிரில் வையுங்கள். முழு உடலையும் அதில் போட்டால் விறைத்து, தொட்டால் ஒடியும். வழக்கமாகப் பார்ப்பது, செல்லின் உட்கருவில் அல்லாமல் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிஓ1 மரபணுவின் சுமார் 650 எழுத்துகளை. அது தாய்வழியாக மட்டுமே வருவதால், உறுப்பின் வடிவம் சொல்வதோடு முரண்பட்டால் உட்கரு மரபணு ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்.