பழைய ஸ்பீக்கரா? முதல்ல விளிம்ப தொட்டுப் பாருங்க

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைப் பக்கம் காலைல போனா சில நாள் நல்ல பழைய ஸ்பீக்கர் கண்ணுல படும், விலை கேட்டதும் கை பரபரக்கும், ஆனா வெள்ளிய எடுத்து நீட்டுறதுக்கு முன்னாடி முன்பக்கத் துணிய கழட்டிட்டு கோனை (சத்தம் எழுப்ப அதிர்ற கூம்பு) சுத்தி இருக்குற வளையத்த விரல் நுனியால மெதுவா அமுக்குங்க. ரப்பர்னா பெரும்பாலும் பயமில்ல. ஃபோம்னா நம்ம ஊரு ஈரக்காத்துல 15, 20 வருஷத்துல உளுத்துடும், விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும், இல்ல பொடிப்பொடியா உதிரும். அப்படியே பாட்டு போட்டா கோனுக்குப் பின்னாடி இருக்குற காயில் (கம்பிச்சுருள்) உரசி கெட்டுப்போயிடலாம். ஆனா கோன் நல்லா இருந்தா விட்டுடாதீங்க, வளையம் மட்டும் மாத்தலாம், அளவு சரியா எடுத்து, பழைய பசைய சுரண்டிட்டு பொறுமையா ஒட்டணும். என்னோட 8 இஞ்ச் ஜோடிய அப்படித்தான் ஒட்டினேன், மறுநாள் ராத்திரி மிருதங்கத்தோட தொப்பி (கனமா ஒலிக்கிற பக்கம்) சத்தம் நெஞ்சுல வந்து விழுந்துச்சு.